திரை மங்கியதா, கண் மங்கியதா?

கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குப் பார்வை மீண்டும் மங்குவதுபோலத் தோன்றினால் ஏற்படும் அச்சத்தை எழுத்தில் வடிப்பது கடினம். 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்த அச்சத்துடன் இரண்டு கிழமைகள் வாழ்ந்தேன். காலையில் கணினியின் முன் அமர்ந்து எழுதத் தொடங்குவேன். எழுத்துகள் பளிச்சென்று தெரியும். ஒரு பந்தியை எழுதிவிட்டு அடுத்த பந்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த வேளையில் என் முன்னால் இருந்த வெள்ளைப் பக்கம், அந்தி சாய்வதுபோல, மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு போகும். கண்ணைக் கசக்கிப் பார்ப்பேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பேன். மங்கல் மாறாது.

வீட்டில் எவரிடமும் சொல்லாமல், கப்பல்துறையிலிருந்து கண்டி வீதியில் பேரூந்து பிடித்துத் திருகோணமலை நகருக்குச் சென்று வைத்தியரிடம் கண்ணைக் காட்டினேன். அவர் பொறுமையாகச் சோதித்துவிட்டு, "கண்ணில ஒரு குறையும் இல்லை ஐயா. நீங்கள் பார்க்கிற சாமானை ஒருக்கா மாத்திப் பாருங்கோ" என்றார்.

வைத்தியர் சொன்னதே சரி. மங்கியது என் கண்ணன்று, திரையே மங்கியது. அந்தத் திரை கணினிக்கென்று செய்யப்பட்டதன்று. அது 48 அங்குல ஓ.எல்.ஈ.டி. தொலைக்காட்சிப் பெட்டி. லண்டனில் இருக்கும் மகன், அப்பா இனிமேல் எழுத்துகளைப் பெரிதாக வைத்துப் படிக்கட்டும் என்ற அன்பினால், அந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னர் கப்பலில் அனுப்பிவைத்தது. "அப்பா, இதையே கணினியில கொழுவுங்கோ. நானும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறன்" என்று தொலைபேசியில் சொன்னான்.

இன்று அந்தப் பெட்டி எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகின்றது. அதில் ஒரு தழும்பும் இருக்கின்றது. அந்தத் தழும்பில் எனக்கும் பங்குண்டு என்பதனால்தான் இதனை எழுதுகின்றேன். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குப் பெரிய திரை அனுப்ப எண்ணியிருக்கும் பிள்ளைகளும், அதனைக் கணினியுடன் இணைக்க எண்ணியிருக்கும் என்னைப் போன்ற முதியவர்களும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பயன்படுத்துவது புதிய யோசனை அன்று. இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய அதே 1982ஆம் ஆண்டில்தான் பிரித்தானியாவில் சின்கிளெயர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறிய வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. அதற்கெனத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியின் அன்ரெனா துளையில் கொழுவினால் போதும். அக்காலத்தில் கணினி வாங்கிய பல நடுத்தரக் குடும்பங்களுக்குத் தொலைக்காட்சியே திரையாக இருந்தது. பின்னர் கணினிக்கெனத் தனித் திரைகள் பரவலாகியதன் காரணம் ஆடம்பரமன்று. எழுத்தைக் கிட்ட இருந்து வாசிப்பதற்குத் தொலைக்காட்சி போதாது என்பதே காரணம்.

இன்றைய ஓலெட் பெட்டியைக் கண்டவர்கள் அந்தப் பழைய குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதில் வியப்பில்லை. இந்த நுட்பத்தின் அடிப்படையை 1987இல் கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருளின் மெல்லிய படலமே அதன் உயிர். சோனி நிறுவனம் 2007இல் 11 அங்குலப் பெட்டியாக அதனைக் கடைக்குக் கொண்டுவந்தது. எல்ஜி நிறுவனம் 2013இல் 55 அங்குலத்தில் விற்றது. 2020இல் 48 அங்குலமும் 2022இல் 42 அங்குலமும் வந்தபோது, மேசையில் வைக்கக்கூடிய அளவாகிவிட்டது என்று கணினிப் பிரியர்கள் அவற்றை வாங்கத் தொடங்கினர்.

சாதாரண எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எந்நேரமும் எரியும்; முன்னால் உள்ள படலம் அதனை மறைத்தும் திறந்தும் படம் காட்டும். ஓலெட்டில் பின்விளக்கு இல்லை. ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் அந்த விளக்கு முற்றாக அணைந்துவிடும். அதனால்தான் இரவுக் காட்சிகள் அத்தனை அழகாகத் தெரிகின்றன. மகன் அனுப்பிய பெட்டியில் முதல்நாள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தபோது நானும் மனைவியும் வாயடைத்துப்போனோம். அந்த அழகை நான் மறுக்கவில்லை.

ஆனால் தனித்தனி விளக்கென்றால் தனித்தனித் தேய்வும் உண்டு. இதனை விளக்க என் தொழிலில் இருந்தே ஓர் உதாரணம் கூறலாம். நான் பத்திரிகைக்குச் சென்ற 1970களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தே பக்கங்களை ஆக்கினார்கள். அச்சுக்கோப்பாளரின் அறைப்பெட்டியில் எல்லா எழுத்துகளும் ஒரே நாளில் வந்தவைதாம். ஆயினும் சில மாதங்களில் 'க'வும் 'ம்'மும் தேய்ந்துவிடும். 'ஞௌ' புதிதாகவே கிடக்கும். அடிக்கடி அச்சேறும் எழுத்தே முதலில் தேயும். ஓலெட் திரையும் அவ்வாறே. அதிகம் எரிந்த புள்ளி முதலில் மங்கும். அதிலும் நீல ஒளி தரும் பொருள் மற்றவற்றைவிட விரைவில் சோரும். ஓடும் படத்தில் எல்லாப் புள்ளிகளும் மாறிமாறி எரிவதால் தேய்வு சமமாகப் பரவும். ஒரே உருவம் ஒரே இடத்தில் நாட்கணக்காக நின்றால் அந்த இடம் மட்டும் தேய்ந்து, உருவம் தழும்பாகிவிடும்.

மொன்றியலில் இயங்கும் ஆர்டிங்ஸ் என்னும் சோதனை நிறுவனம் 2018இல் ஆறு ஓலெட் பெட்டிகளை வாங்கி, நாளொன்றுக்கு இருபது மணித்தியாலம் வீதம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தது. செய்தி அலைவரிசையைக் காட்டிய பெட்டிகளில், சின்னமும் அடிவரியும் நின்ற இடங்களில் நிரந்தரத் தழும்பு விழுந்தது. பல்வகை நிகழ்ச்சிகள் ஓடிய பெட்டி பெருமளவில் தப்பிக்கொண்டது. செய்தித் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்த முடிவைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

இந்த ஆபத்தைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். படம் அசையாமல் நிற்கின்றது என்று உணர்ந்தால் பெட்டி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கின்றார்கள். நான் அடுத்த வரியை யோசிக்கும் நேரத்தில் பெட்டி, "இவர் படத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்" என்று தீர்மானித்து மங்கிவிடும். வேறொரு சாளரத்தை விரித்தால் வெளிச்சம் சட்டென்று திரும்பிவிடும். என் கண்ணுக்கு வந்த நோய் இதுதான். இது பழுதன்று, தன்னைக் காப்பதற்குப் பெட்டி செய்யும் வேலை. ஆனால் எழுதுபவனுக்கு யோசிக்கும் நேரந்தான் அதிகம். சினிமாவுக்கென்று செய்த காவல், எழுத்துக்குத் தொந்தரவாகிவிட்டது.

இதைவிட எனக்கு வலித்த சங்கதி வேறு. 2025இன் தொடக்கத்தில் மகன் விடுமுறையில் வந்தான். இரவு எல்லோரும் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கடலும் வானமும் வரும் காட்சியில் வானத்தின் நடுவே ஒரு நிழல் தெரிந்தது. அவன் எழுந்து சென்று திரை முழுவதும் சாம்பல் நிறத்தை விரித்துக் காட்டினான். நடுவில், நீள்சதுரமாக, ஒரு தாளின் வடிவம் மங்கலாக நின்றது. கீழே கணினியின் அடிப்பட்டையும் அதிலிருந்த சின்னங்களும் வரிசையாகத் தெரிந்தன. நான் இரண்டு ஆண்டுகளாக எழுதிய வெள்ளைப் பக்கந்தான் அது. நாளுக்கு ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் மணித்தியாலங்கள், ஒரே இடத்தில், ஒரே வெள்ளை.

"அப்பா, நான் மூண்டு வருஷமாப் பாவிக்கிறன். என்ர திரையில ஒண்டுமில்லையே" என்றான். பிறகு மெதுவாக, "நிப்பாட்டிறபோது எப்பிடி நிப்பாட்டிறனீங்கள்?" என்று கேட்டான்.

எப்படி நிறுத்துவது? எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துவது போலத்தான். றிமோட்டால் நிறுத்திவிட்டு, சுவரில் உள்ள சுவிச்சையும் நிறுத்துவேன். மழைக்காலமென்றால் பிளக்கையும் கழற்றிவிடுவேன். 2022 பங்குனி முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். அதன் பின்னர் ஏறிய மின்கட்டணத்தையும் கண்டவர்கள். இந்தப் பகுதியில் இடியும் மின்னலும் வந்தால் பிளக்கைக் கழற்றாத வீடு இல்லை. சுவிச்சை நிறுத்தாமல் படுக்கைக்குச் செல்வது எங்கள் தலைமுறைக்குக் குற்றவுணர்ச்சியைத் தரும் செயல்.

மகன் அப்போதுதான் விளக்கினான். பல ஓலெட் பெட்டிகளில், கூட்டாக நான்கு மணித்தியாலம் அளவில் ஓடிய பிறகு றிமோட்டால் நிறுத்தினால், பெட்டி உடனே உறங்கிவிடுவதில்லை. திரை கறுப்பாகவே இருக்க, உள்ளே ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, சோர்ந்த புள்ளிகளுக்கு ஈடுகட்டும் வேலையைச் சில நிமிடங்கள் செய்கின்றது. அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வேண்டும். நான் இரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அந்தச் சில நிமிடங்களை அதனிடமிருந்து பறித்துவிட்டேன். நாள் முழுவதும் வேலைவாங்கிவிட்டு, கை கழுவ விடாமல் ஒருவரைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பான செயல் அது. சேமித்த மின்சாரம் சில ரூபா. இழந்தது பெட்டியின் ஆயுள்.

அந்த ஈடுகட்டல் ஒழுங்காக நடந்திருந்தாலும் வெள்ளைப் பக்கத்தின் தேய்வு முற்றாக இல்லாமற் போயிருக்காது என்பதையும் சொல்லவேண்டும். அது தேய்வைத் தள்ளிப்போடும்; ஒழிக்காது. மகனுடைய திரை தப்பியதற்குக் காரணம் அவனது பாவனை. மாலையில் இரண்டு மணித்தியாலம் விளையாட்டு, பின்னர் ஒரு படம், இடையிடையே கணினி வேலை. என்னுடையது காலையிலிருந்து மாலைவரை ஒரே வெள்ளைத் தாள். இருவரிடமும் இருந்தது ஓலெட் பெட்டிதான். அதன் முன்னால் கழிந்த நாட்கள்தாம் வேறு.

தழும்பை விடுங்கள். வாசிப்புக்கு அது எப்படி என்று கேட்பீர்கள். 48 அங்குலத் திரையில் குறுக்கே 3840 புள்ளிகள். அங்குலத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 92. சாதாரண 24 அங்குல அலுவலகத் திரையிலும் அதே 92தான். ஆகவே பெரிய திரை என்றால் நுணுக்கமான எழுத்து என்று பொருளில்லை. அதே தரத்தில் பெரிய தாள் என்றே பொருள். 42 அங்குலத்தில் 105 வரும். 27 அங்குல 4கே கணினித் திரையிலோ 163 வரும். இந்த வேறுபாடு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு முக்கியம். நம் எழுத்தில் வளைவுகள் அதிகம். அதற்கு மேல் மெய்யெழுத்தின் குற்று. சிறிய எழுத்தில் அந்தக் குற்று ஓரிரு ஒளிப்புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அது தெரியாமற்போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஒப்புநோக்குபவரின் கண்ணில் இது பெரிய பிழை.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் இயங்குதளம் எழுத்தின் விளிம்பை மெருகூட்டும்போது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் திரையின் நுண்விளக்குகள் இருப்பதாக எண்ணிக்கொள்கின்றது. எல்ஜி பெட்டிகள் போன்ற ஓலெட் தொலைக்காட்சிகளில் வெள்ளை நிறத்துக்கென நான்காவது விளக்கும் இருப்பதுடன் வரிசையும் வேறு. அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தோன்றும். தொலைவிலிருந்து படம் பார்ப்பவர் இதனை உணரமாட்டார். அரை மீற்றரில் அமர்ந்து வாசிப்பவர் மாலையில் கண்வலியாக உணர்வார்.

அரை மீற்றர் என்பதும் பிழைதான். அத்திரையின் அகலம் ஒரு மீற்றருக்கு மேல். உயரம் அறுபது சென்ரிமீற்றர். கிட்ட இருந்தால் மூலைகளைக் காணத் தலையைத் திருப்பவேண்டும். வாசிப்புக்கான கண்ணாடி கீழ்ப்பகுதியில் உள்ள இருகுவியக் கண்ணாடி அணிபவர்கள் திரையின் மேல்வரியை வாசிக்க நாடியை உயர்த்தவேண்டும். ஒரு மாதத்தில் கழுத்து பேசத் தொடங்கும். எனக்குப் பேசியது. குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி அமர்ந்து, அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்வது நல்லது.

வெளிச்சமும் பிரச்சினைதான். ஓலெட் பெட்டி திரையின் ஒரு சிறு பகுதியை மிகப் பிரகாசமாகக் காட்டும். திரை முழுவதும் வெள்ளையானால் மின்சாரமும் வெப்பமும் மிகாதிருக்கப் பிரகாசத்தைக் குறைத்துவிடும். எழுத்து வேலையில் வரும் காட்சி பெரும்பாலும் முழு வெள்ளைதான். திருகோணமலையின் பகல் வெயில் யன்னல் வழியே விழும் அறையில், பளபளக்கும் அந்தக் கண்ணாடியில் எழுத்தைவிட என் முகமே தெளிவாகத் தெரிந்த நாட்கள் உண்டு.

ஆகவே என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகின்றேன். நாள் முழுவதும் எழுத்தோடு வாழ்பவருக்கு ஓலெட் தொலைக்காட்சி உகந்த கணினித் திரை அன்று. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர், ஒப்புநோக்குபவர், எழுத்தாளர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும். அந்தப் பெட்டியின் விலைக்கு 27 அல்லது 32 அங்குலத்தில் நல்ல எல்.சி.டி. திரைகள் இரண்டு வாங்கலாம். அவற்றின் பின்விளக்கு தேய்ந்தாலும் தழும்பு விழாமல் ஒருசேரத் தேயும். ஓலெட்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கணினிக்கென்றே செய்த ஓலெட் திரைகளும் இப்போது உண்டு. 2022இல் டெல் நிறுவனம் தனது ஏலியன்வேர் ஓலெட் திரைக்கு, தழும்புக்கும் சேர்த்து மூன்றாண்டு உத்தரவாதம் அளித்தது. தொலைக்காட்சிகளின் உத்தரவாதத்தில் தழும்பு பெரும்பாலும் அடங்குவதில்லை. அடங்கினாலும், லண்டனில் வாங்கியதற்குக் கப்பல்துறையில் யார் வந்து பார்ப்பார்கள்?

ஏற்கெனவே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். கணினியை இணைத்த துளைக்கு, பெட்டியின் அமைப்புகளில் பிசி என்று பெயரிடுங்கள். இல்லையேல் பல பெட்டிகள் நிற விவரத்தைச் சுருக்கி, வண்ண எழுத்துகளைக் கலங்கலாக்கிவிடும். பழைய மடிக்கணினிகள் சில 4கே படத்தை நொடிக்கு முப்பது முறை மட்டுமே அனுப்பும். சுட்டி இழுபடுவது அதனால்தான். எழுத்தை 150 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். பின்புலத்தைக் கறுப்பாக்கி எழுத்தை வெளிர்நிறமாக்குங்கள். அடிப்பட்டை தானாக மறையும்படி அமையுங்கள். எழுந்து செல்லும்போது ஐந்து நிமிடத்தில் திரை அணையட்டும். பக்கத்தை எப்போதும் நடுவில் வைக்காமல் இடம் மாற்றுங்கள். முக்கியமாக, றிமோட்டால் நிறுத்திய பின் பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுத்துச் சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். வானம் இடித்தால் மட்டும் பொறுக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றுவதே அறிவு. கனடாவிலிருந்து அனுப்புபவர்கள், அங்குள்ள 120 வோல்ற் பெட்டி இங்குள்ள 230 வோல்ற்றில் இயங்குமா என்று பின்புறம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு எது சிறந்தது என்று கடையில் கேட்பதற்கு முன், அவர்களுடைய நாள் எப்படிக் கழிகின்றது என்று அவர்களிடமே கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு அமர்கிறார்கள், யன்னல் எந்தப் பக்கம், கண்ணாடி எத்தகையது, இரவில் சுவிச்சை நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். இவை சிறிய கேள்விகள். என் மகன் இவற்றைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொலைபேசியில் கிழமைக்கு இரண்டு முறை பேசினோம். சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். கண் மங்குகின்றது என்று அஞ்சி நான் நகருக்குச் சென்றதை அவனிடம் சொன்னது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அன்றே சொல்லியிருந்தால், மங்குவது திரையென்று லண்டனிலிருந்தே அவன் சொல்லியிருப்பான். சுவிச்சைப் பற்றியும் அன்றே கேட்டிருப்பான். அனுப்பிய பொருளின் பெறுமதியை எண்ணி, அதனைக் குறைகூறக் கூடாது என்று நான் மௌனமாக இருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பலரிடம் இந்த மௌனம் இருக்கின்றது.

இப்போது 27 அங்குல எல்.சி.டி. திரையில் எழுதுகின்றேன். நான் யோசிக்கும்போது அது மங்குவதில்லை. தேய்ந்த ஈய எழுத்தை உருக்கி மீண்டும் வார்த்துவிடலாம். தேய்ந்த ஒளிப்புள்ளியை என்னால் வார்க்க முடியாது. ஆகவே பெரிய பெட்டி கூடத்தில் தன் சொந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. படத்தில் நீல வானம் வரும்போதெல்லாம் நடுவில் அந்தத் தாள் மங்கலாகத் தெரியும். மனைவி விடமாட்டார்: "இஞ்சருங்கோ, உங்கட கட்டுரை வந்திட்டுது."